இரண்டு எந்திரக்கல்லும் ஒரு கடப்பாரையும்

எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போய்ப் பத்தாவது தேறியவன் நான். அந்தப் பெருமை மொத்தமும் ஒரு தை மாசத்துச் சந்தை நாளில் டெய்லர் பாயின் டேப்புக்குள் அடங்கிப்போனது.

"முப்பது," என்றார் பாய். ஜமுனாமரத்தூர் சந்தையில் வாராவாரம் மரத்தடியில் தையல் மெஷின் போட்டு உட்காருபவர். "மூச்சை இழு பாக்கலாம்." இழுத்தேன். கண் பிதுங்கியது. "முப்பதே முக்கால். சொல்லு தம்பி, முழுக்கையா, அரைக்கையா?"

"சட்டை இல்ல பாய். அளவு மட்டும்தான்."

"அளவு மட்டுமா?" டேப்பை உருவிக்கொண்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். "வெறும் அளவை வச்சிக்கினு இன்னா பண்ணுவே?"

விஷயம் இதுதான். காட்டிலாகாவில் காட்டைக் காவல் காக்கும் கார்டு வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள். வைகாசியில் வேலூரில் தேர்வு. படிப்பு இருக்கிறது, உயரம் இருக்கிறது. மார்புதான் இல்லை. சும்மா நிற்கும்போது முப்பத்திரண்டு அங்குலம், மூச்சிழுத்தால் முப்பத்திநாலு வேண்டும். எடை ஐம்பது கிலோவுக்குக் குறையக் கூடாது. பக்கத்திலேயே புளி மண்டித் தராசு தொங்கியது. ஒரு தட்டில் படிக்கற்கள், மறுதட்டில் கால்களை மடக்கிக்கொண்டு நான். நாற்பத்தைந்து. தராசு பிடித்தவர், "இது கொட்டை எடுத்ததா, எடுக்காததா?" என்று கேட்க, புளி மூட்டையோடு நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். நானும்தான் சிரித்தேன். ஆனால் அந்த ரெண்டு அங்குலமும் அஞ்சு கிலோவும் அன்று என் மண்டைக்குள் ஏறி உட்கார்ந்தவை, நாலு மாசத்துக்கு இறங்கவில்லை.

அப்பாவிடம் சொன்னேன். "கட்ட வெட்டினா நம்மளத் துரத்துறானே, அவனா நீ ஆவப் போற?" என்றார். கொஞ்ச நேரம் யோசித்தார். "அப்போ நம்மள யாருடா துரத்துவா?" என்று கேட்டுவிட்டு அவரே விழுந்து விழுந்து சிரித்தார். அதற்கப்புறம் என்னைவிட அவருக்குத்தான் அந்த வேலை மேல் ஆசை அதிகம்.

எனக்கு வழி சொல்ல ஒரே ஒருவன் இருந்தான். ஆஸ்டலில் என்னோடு படித்த, மலையடிவாரத்துப் படவேட்டு நண்பன். அவன் மார்பு முப்பத்தெட்டு. கரும்புக் கட்டு தூக்கியும், ஊர்ப் பையன்கள் ஒரு கொட்டகையில் வாங்கிப் போட்டிருந்த டம்பெல்ஸ் தூக்கியும் வளர்த்தது. ஆனால் பத்தாவது கணக்கில் ரெண்டு தடவை தோற்றுக் கோட் அடித்தவன். "என் நெஞ்சையும் உன் மார்க்கையும் ஒட்டினால் ஒரு கார்டு தேறுவான்டா," என்று தபால் கார்டில் எழுதியிருந்தான். மீதி இடத்தில் எறும்பு ஊர்வதுபோல் திட்டம்: "கனம் தூக்கு. பன்னிரண்டு வரை எண்ணு. நிறுத்தி மூச்சு விடு. மறுபடி பன்னிரண்டு. இங்கிலீஷில் எண்ணு, அப்போதுதான் வேகம் வரும். தினம் ஆறு முட்டை. ஊறவைத்த கொள்ளு, வேர்க்கடலை. மூன்று வேளை தின்கிறவன் இருந்தபடியே இருப்பான், ஆறு வேளை தின்கிறவன்தான் வளருவான். களியை நிறுத்து. அது வயிற்றுக்குத்தான் போகும்."

அச்சில் வந்ததை நம்புவதுபோல் அதை நம்பினேன். படித்தவன் இல்லையா.

கனத்துக்கு எங்கே போவது? எங்கள் மலையில் கல்லுக்குப் பஞ்சமில்லை, ஆனால் கைப்பிடிக்கு வாகாக ஒரு கல் கிடையாது. ஒருநாள் அம்மா கேழ்வரகு அரைத்துக்கொண்டிருந்தாள். எந்திரத்தின் மேல்கல் சுற்றுகிறது. அதன் நடுவில் தானியம் போடும் ஓட்டை. அந்த ஓட்டையையே பார்த்துக்கொண்டிருந்தேன். வட்டக் கல், நட்ட நடுவில் ஓட்டை, வீட்டு மூலையில் கடப்பாரை. எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. சித்தப்பா வீட்டில் ஓரமாகக் கிடந்த பழைய எந்திரத்தின் மேல்கல்லையும் கேட்டு வாங்கினேன். கடப்பாரையின் ரெண்டு முனையிலும் ஒவ்வொரு கல்; கழன்று ஓடாமல் இருக்கக் கயிறு சுற்றி ஆப்பு. ஓடைக்கு மேலே இருக்கிற தட்டைப் பாறையில் கொண்டுபோய் வைத்துவிட்டு, ஒரு அடி தள்ளி நின்று பார்த்தேன். படவேட்டுக் கொட்டகையில்கூட இப்படி ஒன்று இருக்காது.

முதல் நாள் அது அசையவில்லை. நான்தான் அசைந்தேன்.

தினமும் இருட்டு பிரியும் நேரத்துக்கு ஓடையில் முங்கிக் குளித்துவிட்டுப் பாறைக்குப் போவேன். குளிரில் பல் கிட்டும். கோவணத்தோடு நின்று, முதலில் முட்டி வரை, பிறகு இடுப்பு வரை, மாசிக் கடைசியில் தலைக்கு மேலேயே தூக்கிவிட்டேன். "ஒன்... டூ... த்ரீ..." என்று முனகியபடி. நம்ம வீட்டுக் கல்லைவிடச் சித்தப்பா வீட்டுக் கல் கனம் அதிகம். அதனால் பன்னிரண்டுக்கு ஒருமுறை கடப்பாரையை இடம் வலமாக மாற்றிப் பிடிக்க வேண்டும் என்று கண்டுபிடிக்கவே மூணு வாரம் ஆனது. அதற்குள் பாய், "தம்பி, வலது தோளு மட்டும் வேற ஆளுது மாதிரி கீது," என்று சொல்லிவிட்டார்.

அம்மாவுக்கு முட்டை வாடை ஆகாது. அதனால் சந்தையிலிருந்து புதுச் சட்டி ஒன்று வாங்கி வந்து, வீட்டுக்குப் பின்னால் மூணு கல் வைத்து எனக்கென்று தனி அடுப்பு மூட்டினேன். முட்டை அவிப்பதும் கொள்ளு வேகவைப்பதும் அதில்தான். "யாரும் இந்தச் சட்டியைத் தொடக் கூடாது," என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன். களியைத் தொடவில்லை. அம்மா உருட்டி வைத்த களி உருண்டையை நான் தள்ளி வைத்தபோது அவள் முகம் போன போக்கு இப்போதும் கண்ணில் நிற்கிறது.

வீட்டில் என்னை உண்மையாகவே எதிர்த்தவள் தங்கச்சிதான். எந்திரத்தின் மேல்கல் பாறையில் இருந்ததால், அவள் கேழ்வரகுக் கூடையைத் தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போய்க் காத்துக்கிடந்து அரைத்து வர வேண்டியிருந்தது. "உனக்கு நெஞ்சு வரணும்னா எனக்குத் தோளு கழலணுமா?" என்பாள். பள்ளிக்கூடம் போகாதவள். லீவுக்கு வரும்போதெல்லாம் அடுப்புக் கரியால் தரையில் எழுதிக் காட்டி அவளுக்கு எழுத்துக் கூட்டச் சொல்லிக்கொடுத்திருந்தேன். அதற்காக நான் வருத்தப்படும் நாள் ஒன்று வரும் என்று அப்போது தெரியாது.

பங்குனி பாதி தாண்டிச் சில நாள் போயிருக்கும். ஒரு காலையில் கண்ணை மூடிக்கொண்டு, சூரியன் பக்கம் பார்த்து, கல்லைத் தலைக்கு மேல் தூக்கி "எய்ட்... நைன்..." என்று நடுங்கிக்கொண்டிருந்தேன். பின்னால் ஏதோ சத்தம். இறக்கிவிட்டுத் திரும்பினால், ஆடு ஓட்டி வந்த அத்தை ஒருத்தி கைகூப்பி நிற்கிறாள். ஏன் என்று கேட்பதற்குள் ஆட்டையும் விட்டுவிட்டு ஊருக்குள் ஓடினாள்.

அன்று மாலையே ஊர் நாட்டாமை நாலு பேரோடு எங்கள் வாசலில் வந்து நின்றார். எனக்கு மாமன் முறை. அப்பாவுக்கு மச்சான். கையில் தட்டு, தட்டில் மஞ்சள் நூல்.

"மச்சான்," என்றார் அப்பாவிடம், "உன் புள்ள வாயத் தொறந்து சொல்லல. ஆனா ஊரு பாத்துக்கினுதான் கீது. புதுச் சட்டி வச்சிக்கினான். களிய வுட்டான். விடியறதுக்கு மின்ன தலை முழுவுறான். பாறை மேல நின்னு கல்லத் தூக்கி சூரியனுக்குக் காட்றான். வாயில மந்திரம் ஓடுது. மனசுல காப்பு கட்டிக்காம ஒருத்தன் இதெல்லாம் பண்ணுவானா?"

இதற்குக் கொஞ்சம் விளக்கம் சொல்ல வேண்டும். எங்கள் ஊர்ச் சாமிக்கு ஒரு மரப்பெட்டி உண்டு. அதில் சாமியின் நகை, விளக்கு, மணி, கத்தி எல்லாம் இருக்கும். ஒரு மூட்டைச் சாமை கனம். சித்திரையில் அதை ஒரே ஆள் தலையில் சுமந்து, கீழே இறக்காமல், மலை உச்சிக் கோயில் வரை ஏற வேண்டும். நின்று மூச்சு வாங்கலாம், பெட்டி தரையைத் தொடக் கூடாது. அதற்குப் பதினைந்து நாள் காப்புக் கட்டி விரதம் இருப்பார்கள். இதுவரை தூக்கி வந்தவருக்குப் போன வருஷத்தோடு முட்டி போய்விட்டது. இந்த வருஷம் யாரும் முன்வரவில்லை. நாட்டாமை ரெண்டு மாசமாகத் தூங்காமல் இருந்திருக்கிறார்.

"மாமா, அது வந்து..." என்று ஆரம்பித்தேன்.

"சொல்லாத!" என்று கையை நீட்டினார். "வாய வுட்டுச் சொன்னா பலன் போய்டும்."

அப்பாவைப் பார்த்தேன். பத்தாவது தேறியபோதுகூட அவர் முகம் அப்படி மினுங்கியதில்லை. அம்மா களியை மறந்து கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் கதவோரம் தங்கச்சி. முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு, தோள் குலுங்கக் குலுங்க. ஊரிலேயே அந்தச் சட்டிக்குள் என்ன வெந்தது என்று தெரிந்தவர்கள் அவளும் அம்மாவும் அப்பாவும்தான். பெரியவர்கள் ரெண்டு பேரும் அந்த நேரத்தில் வசதியாக மறந்துவிட்டார்கள்.

என் மணிக்கட்டில் நூல் ஏறியது. சட்டம் சொன்னார் நாட்டாமை: "காப்பு இருக்கற வரைக்கும் கறி கூடாது, மீன் கூடாது, முட்டை கூடாது."

முட்டை கூடாது. எனக்குக் காது அடைத்துப்போனது. மண்டித் தராசில் அப்போதுதான் நாற்பத்தேழைத் தொட்டிருந்தேன். மார்பு, மூச்சிழுக்காமலே முப்பதே முக்கால். பதினைந்து நாள் விரதம் என்றால் வந்த ரெண்டு கிலோவும் வந்த வழியே போய்விடும். வேலையும் அதன் பின்னாலேயே போகும்.

அவர்கள் போனதும் பின்பக்கம் ஓடினேன். அன்றைக்கு அவித்த ஆறு முட்டை சட்டியில் இருந்தது. தங்கச்சி ஏற்கனவே அடுப்புப் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள்.

"நீ தொடக் கூடாதுண்ணா. காப்பு," என்றாள். ஒவ்வொன்றாக உரித்துத் தின்றாள். "ஒன்... டூ... த்ரீ..." என்று என் குரலிலேயே எண்ணிக்கொண்டு. ஆறாவதைப் பாதி தின்றுவிட்டு, "சாமி எனக்குத்தான் வரம் குடுத்துக்கீது," என்றாள்.

ஆனால் நாட்டாமை சொன்ன சட்டத்தில் இன்னொரு பாதி இருந்தது. அதை அன்று நான் சரியாகக் காதில் வாங்கவில்லை. காப்புக் கட்டினவன் தன் வீட்டில் சாப்பிடக் கூடாது. ஊரில் உள்ள முப்பது வீட்டிலும், பகலுக்கு ஒன்று, சாயங்காலத்துக்கு ஒன்று என்று போய்ச் சாப்பிட வேண்டும். வேண்டாம் என்று சொல்லக் கூடாது. இலையில் மிச்சம் வைத்தால் அந்த வீட்டுக்கு ஆகாது.

முதல் வீட்டில் சாமைச்சோறு. மொச்சைக் குழம்பு. நெய் ஊற்றினார்கள், ஊற்றிக்கொண்டே இருந்தார்கள். அதன் மேல் தினைமாவும் தேனும். அது முடிந்தது என்று எழுந்தால் பால். "பொட்டி கனம்ப்பா," என்று அந்த வீட்டுச் சின்னம்மா கவலையோடு இன்னொரு அகப்பை போட்டாள். ரெண்டாவது வீட்டுக்காரி முதல் வீட்டில் என்ன போட்டார்கள் என்று விசாரித்து வைத்திருந்தாள். அவள் அதைவிட ஒரு அகப்பை கூடப் போட்டாள். மூன்றாவது வீடு பலாப்பழத்தை வெட்டியது. நாலாம் நாளுக்குள் ஊர்ப் பெண்களுக்குள் இது ஒரு போட்டியாகவே மாறிவிட்டது. "அவ வூட்ல ரெண்டு கரண்டி நெய்யாமே? நாங்க இன்னா கெட்டாப் பூட்டோம்?" ஒரு வீட்டில் களியே போட்டார்கள். நண்பனின் கார்டை நினைத்துக்கொண்டு, ரெண்டு மாசத்துக்கப்புறம், கீரைக் கடைசலில் தோய்த்து ஒரு வாய் வைத்தேன். சொல்லக் கூடாது, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அம்மாவுக்கு இந்தச் செய்தி எப்படியோ போய்ச் சேர்ந்தது. "எம் புள்ள களி தின்னானாம்," என்று அவள் தெருவில் போவோர் வருவோரிடமெல்லாம் சொன்னாள்.

பத்தாம் நாள் சந்தைக்குப் போனேன். தராசில் ஏறினேன். ஐம்பத்தொன்று! அங்கேயே குதித்தேன். தராசுக்காரர், "இப்போ கொட்டையோட கீது," என்றார். ஒரே ஓட்டமாகப் பாயிடம் போனேன். மஞ்சள் நூலைப் பார்த்துவிட்டு, பாய் மரியாதையாக எழுந்து நின்று அளந்தார்.

"முப்பத்தொண்ணு."

"மூச்சு இழுக்கல பாய்."

"இழுத்தா முப்பத்தொண்ணே முக்கால்." டேப்பைக் கீழே இறக்கி வயிற்றைச் சுற்றிப் போட்டார். நான் கேட்கவே இல்லை. "தோ பாரு, இங்க மூணு அங்குலம் ஏறிக்கீது. தம்பி, துணி கேக்கற எடம் மேல இல்ல. கீழ."

ஏறின எடை எங்கே ஏறியிருக்கிறது என்று அன்றுதான் நான் முதன்முதலில் யோசித்தேன். தராசுக்கு நெஞ்சும் தொப்பையும் ஒன்றுதான். டேப்புக்கு அப்படி இல்லை. நெய்யையும் தேனையும் நிறுத்த முடியாது, அது சாமி சட்டம். நிறுத்த முடியாததை வேலை வாங்கத்தான் வேண்டும். அன்று முதல் ஒவ்வொரு வீட்டிலும் இலையை மடித்துவிட்டு, அரை நாழிகை நின்றுவிட்டு, நேராகப் பாறைக்கு ஏறினேன். காலையில் ஒரு தடவை தூக்கியது போக, பகலில் ஒன்று, சாயங்காலம் ஒன்று. பார்க்க ஊரே பின்னால் வந்தது. யாரோ ஒருத்தி கல்லுக்கு மஞ்சள் பூசினாள். இன்னொருத்தி குங்குமம் வைத்தாள். கடப்பாரைக்குப் பூச்சரம் சுற்றினார்கள். தங்கச்சி தூரத்தில் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்று, தன் வீட்டு எந்திரக்கல் சாமியாகிக்கொண்டிருப்பதைப் பார்த்தாள்.

அப்போதுதான் அந்தத் தபால் கார்டு வந்தது. எங்கள் ஊருக்கு வாரத்தில் ரெண்டு நாள்தான் தபால்காரர் வருவார். ஊரில் யாருக்குக் கடிதம் வந்தாலும் நான்தான் படித்துச் சொல்வேன். எனக்கே வந்தாலும் எல்லாரும் கூடுவார்கள், அது பழக்கம். அன்று நாட்டாமையும் இருந்தார்.

"படி தம்பி, கேக்கலாம்."

கார்டைப் பார்த்தேன். நண்பன் எழுதியிருந்தான்: "டேய், நெஞ்சு எவ்வளவு ஆச்சு? முட்டை தின்கிறாயா, இல்லையா? கார்டு வேலை கிடைத்தால் முதல் கோழிக்கறி எனக்கு."

தொண்டையைச் செருமிக்கொண்டேன். "அன்புள்ள நண்பனுக்கு. நீ விரதம் இருப்பது கேட்டு மிக்க மகிழ்ச்சி. சாமி உனக்கு நல்ல பலம் கொடுக்கட்டும். நெஞ்சில் பக்தி பெருகட்டும்..."

தோளுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல். "மு... ட்... டை." தங்கச்சி. விரலை வைத்து எழுத்துக் கூட்டிக்கொண்டிருந்தாள். "முட்டை தி... ன்..."

நாட்டாமை புருவத்தைத் தூக்கினார்.

"ஆமா," என்றேன், கார்டை நெஞ்சோடு ஒட்டிக்கொண்டு. "முட்டை தின்று விடாதே, காப்புக் கெட்டுவிடும், கோழி இருக்கிற பக்கம்கூடப் போகாதேன்னு எழுதிக்கீறான்."

நாட்டாமை முகம் மலர்ந்தது. "கீழ்நாட்டுப் புள்ளையா கீறான், எவ்ளோ ஒழுங்கு பாரு!" என்றார். "அவனையும் திருவிழாவுக்கு வரச் சொல்லி எழுது."

கூட்டம் கலைந்ததும் தங்கச்சி என் முன்னால் வந்து நின்றாள். "எந்திரத்துக்குக் கல்லு எப்போ வரும்?"

"அதுக்குக் குங்குமம் வச்சிட்டாங்கடி. எப்படி எடுக்கறது?"

"எனக்குத் தெரியாது. கார்டுல இன்னும் மூணு வரி பாக்கி கீது. படிக்கட்டா?"

புதுக் கல் வாங்கித் தருவதாகச் சாமி மேலேயே சத்தியம் செய்தேன்.

திருவிழா அன்று நண்பனும் வந்துவிட்டான். நான் சொன்ன கதையைக் கேட்டுச் சிரித்துச் சிரித்து அவன் முப்பத்தெட்டு அங்குலமும் வலித்துப்போனது. பெட்டியைத் தூக்கி என் தலையில் வைத்தார்கள். கழுத்து உள்ளே போய்விட்டதுபோல் இருந்தது. பம்பை முழங்கியது. ஊரே கூக்குரலிட்டது. முதல் ஏற்றத்திலேயே கால் நடுங்க ஆரம்பித்தது. சாமி பாட்டு ஒன்றும் எனக்கு ஞாபகம் வரவில்லை. தெரிந்த ஒரே மந்திரம்தான் வந்தது.

"ஒன்," என்றேன், ஒரு அடி வைத்து. "டூ. த்ரீ."

பக்கத்தில் வந்துகொண்டிருந்த நாட்டாமை உன்னிப்பாகக் கேட்டார். பிறகு தானும் சொன்னார், "ஒன்னு! டூ! திரீ!" பின்னால் வந்தவர்கள் பிடித்துக்கொண்டார்கள். பம்பைக்காரர் நாலு அடியில் அதற்கொரு தாளம் கண்டுபிடித்தார். சின்னதுகளும் கிழடுகளும், "ஃபோரு! ஃபைவு!" என்று மலையே அதிரக் கத்தினார்கள். பன்னிரண்டு வந்ததும் வழக்கப்படி நின்று மூச்சு விட்டேன். ஊரே நின்று மூச்சு விட்டது. பம்பையும் நின்றது. மறுபடி ஒன்னு. நண்பன் ஒரு மரத்தைப் பிடித்துக்கொண்டு, எழ முடியாமல் உட்கார்ந்துவிட்டான். எனக்கும் சிரிப்பு. தலையில் சாமி, வயிற்றுக்குள் சிரிப்பு, கால் மட்டும் பன்னிரண்டு பன்னிரண்டாக ஏறிக்கொண்டே இருந்தது. உச்சி எப்போது வந்தது என்றே தெரியவில்லை. பெட்டி ஒருமுறைகூடத் தரையைத் தொடவில்லை.

இறக்கி வைத்ததும் எனக்குள் ஏதோ இளகிவிட்டது. எல்லாருடைய நெய்யும் என் உடம்பில் இருந்தது. பொய்யோடு அங்கே நிற்க முடியவில்லை. நாட்டாமையின் கையைப் பிடித்துக்கொண்டு எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டேன். மனசில் காப்புக் கட்டவில்லை, விரதம் நினைக்கவில்லை, கார்டு வேலைக்கு மார்பு வேண்டும் என்றுதான் தூக்கினேன், சட்டியில் வெந்தது முட்டை, மந்திரம் இல்லை இங்கிலீஷ் எண்ணிக்கை.

நாட்டாமை பொறுமையாகக் கேட்டார். "ஏன்டா தம்பி, மலையில எவ்ளோ பேரு கீறான். கல்லத் தூக்குன்னு உனக்கு மட்டும் யாரு புத்தி குடுத்தது?"

"படவேட்டு நண்பன், மாமா. கார்டுல எழுதினான்."

"அவனுக்கு யாரு குடுத்தது?"

நான் நண்பனைப் பார்த்தேன். நண்பன் வானத்தைப் பார்த்தான்.

"அதான்," என்றார் நாட்டாமை. கூட்டம் மறுபடி கும்பிட்டது. இந்த முறை நண்பனையும் சேர்த்து.

காப்பு அவிழ்ந்ததும் மறுநாளே முட்டைக்குத் திரும்பினேன். களியையும் விடவில்லை. அம்மா போட்ட களி, என் முட்டை, பாறையில் கல். அந்தக் கல்லை நான் தூக்கலாம், ஆனால் பாறையிலிருந்து இறக்கக் கூடாது என்று ஊர் தீர்மானித்திருந்தது. வைகாசிக்கு முந்தின சந்தையில் பாய் கடைசியாக அளந்தார். வயிறு ஒரு அங்குலம் இறங்கியிருந்தது. சும்மா நின்றால் முப்பத்திரண்டு. இழுத்தால் முப்பத்திமூணே முக்கால். "கால் அங்குலம் பாக்கி," என்றார். இத்தனை வாரத்தில் ஒரு பொத்தான்கூட நான் அவரிடம் தைத்ததில்லை. "அங்க போய் நல்லா இழு. நான் இங்க துவா கேக்குறேன்."

வேலூர் மைதானத்தில் பனியனைக் கழற்றிக்கொண்டு வரிசையில் நின்றோம். எடை ஐம்பத்திரண்டு, தாண்டிவிட்டேன். மார்பு முப்பத்திரண்டு, சரி. டேப்பு பிடித்தவர், "இழு," என்றார். இழுத்தேன். "முப்பத்திமூணே முக்கால். அவ்வளவுதானா?"

அவ்வளவுதான். அதற்கு மேல் உள்ளே இடமில்லை. பாறை, நெய், முப்பது வீடு, தங்கச்சியின் தோள், எல்லாம் கால் அங்குலத்தில் நிற்கிறது. அப்போது வேலிக்கு வெளியிலிருந்து ஒரு குரல் கிளம்பியது. பம்பைத் தாளத்தில், நாட்டாமையின் உச்சரிப்பு மாறாமல்:

"ஒன்னு! டூ! திரீ!"

நண்பன். எனக்குத் துணையாக வேலூர் வரை வந்தவன், கம்பி வேலியில் முகத்தை வைத்துக்கொண்டு கத்துகிறான். எனக்குச் சிரிப்பு அடிவயிற்றிலிருந்து பொங்கிக்கொண்டு வந்தது. சிரித்தால் மூச்சுப் போய்விடும். பல்லைக் கடித்தேன். வெளியே வர வழியில்லாத சிரிப்பு மேலே வந்து, விலாவைத் தள்ளி, நெஞ்சுக்குள்ளேயே நின்று முட்டியது. "லெவனு! டொல்வு!" என்று அவன் முடித்தபோது டேப்பு பிடித்தவர் குனிந்து பார்த்தார்.

"முப்பத்திநாலு," என்றார். "யோவ், போதும், வுடு. டேப்பு அறுந்துடப் போவுது."

விட்டேன். அவர் முகத்துக்கு நேராக, மைதானமே திரும்பிப் பார்க்கும்படி அப்படியொரு சிரிப்பு. அவர் கோபிக்கவில்லை. அவருக்கும் தொற்றிக்கொண்டது.

வேலையில் சேர்ந்து முதல் லீவில் ஊருக்குப் புறப்பட்டபோது, அடிவாரத்தில் கல் கொத்துகிறவரிடம் புது மேல்கல் ஒன்று வாங்கினேன். எங்கள் வீட்டுக் கீழ்கல்லுக்கு நூல் பிடித்து அளவு எடுத்துக் கொடுத்திருந்தாள் தங்கச்சி. பஸ் நிற்கிற இடத்திலிருந்து ஊருக்கு மூணு மைல் ஏற்றம். கல்லைத் தலையில் வைத்துக்கொண்டு, என்னையறியாமல் எண்ணிக்கொண்டே ஏறினேன். பன்னிரண்டில் நின்றபோது, அன்று பாறையில் என்னைக் கும்பிட்ட அதே அத்தை ஆட்டோடு எதிரே வந்தாள். கல்லைப் பார்த்ததும் கை தானாகக் கூப்பியது.

"மறுபடியும் காப்பாப்பா? யாருக்கு?"

"என் தங்கச்சிக்கு அத்தே."

"அவளுக்கு இன்னா வேணுமாம்?"

"மாவு," என்றேன். அடுத்த பன்னிரண்டுக்குக் காலை எடுத்து வைத்தேன்.